பதிவேட்டில் ஆளைக் காணவில்லையா? 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கு

என் சம்பந்தியம்மா ஆங்கிலேயர், கென்ட் கவுண்டிக்காரர் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). ஓய்வு பெற்ற மனுஷனுக்கு ஏதாவது வேலை கொடுப்போம் என்று நினைத்தாரோ என்னவோ, தன் குடும்பத்து முன்னோர்களைத் தேடும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். 1837 வரை பின்னால் போவது எனக்கு ஒரு வாரத்து வேலையாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவு செய்தது. 1841 முதல் ஆள் பெயரோடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உண்டு. அதற்கு முன்னால் போனால் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் தேவாலயத்துப் பதிவேடு மட்டுமே. நான் முட்டி நின்ற இடங்களையும் வெளியே வந்த விதத்தையும் சிக்கல் வாரியாக இங்கே எழுதுகிறேன். நம்மூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் சீமைத் தாத்தாவைத் தேடுகிறவர்களுக்கும் இதே வழிதான்.

ஒரு தேவாலயத்தின் எல்லைக்கு உட்பட்ட பகுதியை நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையார் சேகரம் என்பார்கள், கத்தோலிக்கர் பங்கு என்பார்கள். நான் சேகரம் என்றே எழுதுகிறேன். இங்கிலாந்தில் சேகரம்தோறும் பதிவேடு வைக்கச் சொல்லி 1538இல் உத்தரவு போட்டவர் தாமஸ் கிராம்வெல். அதில் எழுதியது ஊர் ஆட்களின் கணக்கு அல்ல, தேவாலயம் நடத்திய சடங்குகளின் கணக்கு. ஆகவே அங்கே பிறப்பு இருக்காது, ஞானஸ்நானம் இருக்கும். சாவு இருக்காது, அடக்கம் இருக்கும். நான் மாட்டிக்கொண்ட பல இடங்களில் இதை மறந்துதான் மாட்டினேன்.

சம்பந்தி வீட்டுப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்தால் வழி பிடிபடும் என்பதால், உதாரணத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன்: நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் குடும்பம். அவர்களும் கென்ட்டிலிருந்து கிளம்பியவர்கள்தான்.

எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள். நீங்கள் தேடியது பதிவேட்டையா, அதன் அட்டவணையையா? ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக், ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற இணையதளங்கள் எல்லாவற்றிலும் நீங்கள் பெயர் போட்டுத் தேடுவது யாரோ ஒருவர் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்த பட்டியலில். அந்தச் சேகரத்தின் எந்தெந்த ஆண்டுகள் அதில் ஏறியிருக்கின்றன என்று பாருங்கள். ஏறாத ஆண்டில் மூன்று நாள் தேடி, "இல்லை" என்று சம்பந்தியம்மாவுக்கு அறிக்கை கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. இப்போது மூலப் பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்க்காமல் எதையும் "இல்லை" என்று குறித்துக்கொள்வதில்லை.

பெயர் போட்டுத் தேடினால் ஒன்றுமே வரவில்லை

எழுத்துக்கூட்டலைச் சந்தேகப்படுங்கள். குருவானவரோ அவருடைய எழுத்தரோ காதில் விழுந்ததை எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தகப்பன், "ஐயா, எழுத்து தப்பு" என்று சொல்ல முடியுமா? ஆஸ்டினில் கடைசி உயிரெழுத்து ஒரு பக்கத்தில் 'ஈ', இன்னொரு பக்கத்தில் 'ஐ'. சொல் முதலில் வரும் 'ஹெச்' ஒலியை விழுங்கிப் பேசும் ஊரில் ஹாஸ்கின்ஸ் ஆஸ்கின்ஸ் ஆகிவிடும். அட்டவணையில் அவர் வேறு எழுத்தின் கீழ் உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்து நீட்டிய 'எஸ்' பார்வைக்கு 'எஃப்' போல இருக்கும், தட்டச்சு செய்தவர் அப்படியே அடித்திருப்பார். சண்முகத்தை நம் வாக்காளர் பட்டியல் எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறது என்று பார்த்தவர்களுக்கு இதில் வியப்பே இருக்காது.

நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம். அதைவிட எனக்குக் கைகொடுத்தது வேறு: குடும்பப் பெயரை விட்டுவிட்டு, சேகரம், ஆண்டு வரம்பு, அப்பாவின் முதற்பெயர், அம்மாவின் முதற்பெயர் இவற்றை மட்டும் கொடுப்பது. வில்லியம், மேரி என்ற ஜோடி நூறு வரும். ஆனால் மோசஸ், டார்காஸ் என்ற ஜோடி ஒரு சிற்றூரில் எத்தனை இருக்கப் போகிறது?

1733க்கு முந்தைய பக்கம் என்றால் லத்தீனாகவும் இருக்கலாம். நீதிமன்ற ஆவணங்களில் லத்தீனை ஒழித்த சட்டம் அந்த ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சேகரப் பதிவேடுகளிலும் அதோடு ஏறக்குறைய மறைந்தது. குலியெல்முஸ் என்றால் வில்லியம், கரோலுஸ் சார்ல்ஸ், யாகோபுஸ் பெரும்பாலும் ஜேம்ஸ். ஊரில் அவரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கத்தோலிக்கப் பதிவேடுகளில் லத்தீன் அதற்குப் பிறகும் நீடித்தது.

அப்புறம் செல்லப் பெயர்கள். பாலி, மாலி என்றால் மேரி. நான்சி என்றால் ஆன். பாட்டி என்று எழுதியிருந்தால் அது மார்த்தா. கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். ஜேன் பிறந்ததும் அவருடைய அப்பா உறவினருக்கு எழுதிய கடிதத்தில் குழந்தையை ஜென்னி என்றுதான் சொல்கிறார். குடும்பப் பெயரே மாறுவதும் உண்டு. ஜேனின் அண்ணன் எட்வர்டைச் சொத்துள்ள உறவினர் தத்து எடுத்துக்கொண்டார்கள். 1812இல் அவரும் பிள்ளைகளும் நைட் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். எட்வர்ட் ஆஸ்டினின் அடக்கத்தைத் தேடினால் எந்தக் காலத்திலும் கிடைக்காது.

கல்யாணத்துக்கு நான்கு மாதம் முன்பே பிள்ளைக்கு ஞானஸ்நானம்

எனக்கு இதில்தான் முதல் அடி விழுந்தது. திருமணம் 1732 ஜூன். மூத்த பிள்ளையின் ஞானஸ்நானம் 1732 பிப்ரவரி. குடும்ப மானத்தைக் கருதி நான் இதை வெளியே சொல்லாமலே ஒரு வாரம் வைத்திருந்தேன். குடும்பத்தின் மேல் தவறே இல்லை, காலண்டர்தான் வேறு.

1752க்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25இல். 1732 மார்ச் 25 தொடங்கி ஏப்ரல், ஜூன், டிசம்பர் தாண்டி ஜனவரி, பிப்ரவரி வந்து அடுத்த மார்ச் 24 வரை எல்லாமே 1732தான். அதனால் பதிவேட்டின் 1732 பிப்ரவரி, நம் கணக்கில் 1733 பிப்ரவரி. கல்யாணம் ஆகி எட்டாம் மாதம் என்பது வேறு கதை. அந்தக் காலத்தில் அது அபூர்வமும் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதிய தேதி 1731 பிப்ரவரி 11. இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. ஆண்டு ஒன்று கூடியது இந்த மார்ச் கணக்கால். நாள் பதினொன்று கூடியது 1752 செப்டம்பரால்: அந்த மாதம் 2ஆம் தேதி புதன்கிழமைக்கு அடுத்த நாள் 14ஆம் தேதி வியாழக்கிழமை. இடையில் இருந்த பதினோரு நாட்களை எடுத்தே விட்டார்கள். 1751ஆம் ஆண்டும் குட்டைதான், மார்ச் 25இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிந்தது. "1751 பிப்ரவரி" என்று எங்காவது பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

சரி, எப்படிச் சரிசெய்வது? பக்கத்தை மேலிருந்து கீழாக வரிசையாகப் படியுங்கள். ஆண்டு எண் எந்த மாதத்துக்கு மேல் மாறுகிறது என்று பார்த்தாலே எழுதியவர் எந்தக் கணக்கைப் பின்பற்றினார் என்று தெரிந்துவிடும். உங்கள் குறிப்பில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளுக்கு இரண்டு ஆண்டையும் சேர்த்து 1732/3 என்று எழுதுங்கள். அட்டவணை தயாரித்தவர் ஏற்கெனவே மாற்றியிருந்தால், நீங்களும் ஒரு முறை மாற்றி ஓராண்டு தள்ளிப் போவீர்கள். இதற்கும் மருந்து மூலப் பக்கம்தான். குவேக்கர் சபையின் பதிவேடு என்றால் இன்னொரு முடிச்சு: அவர்கள் மாதத்துக்குப் பெயர் சொல்லமாட்டார்கள், எண் போடுவார்கள். 1752க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச்.

ஞானஸ்நானத் தேதியும் வயதும் ஒத்துவரவில்லை

ஜேன் பிறந்தது 1775 டிசம்பர் 16. மறுநாளே அப்பா வீட்டில் வைத்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார், அவரே குருவானவர். தேவாலயத்தில் சபை முன்னால் நடந்தது 1776 ஏப்ரல் 5. இரண்டாவது தேதி மட்டும் உங்கள் கண்ணில் பட்டால் ஆளை ஒரு வயது இளையவராக்கிவிடுவீர்கள். பலவீனமான குழந்தை, கடுங்குளிர், தூரத்துத் தேவாலயம் என்று வீட்டு ஞானஸ்நானத்துக்குக் காரணம் பல. "சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற குறிப்பு இருந்தால் அதற்கு முன் ஒரு வீட்டுச் சடங்கு நடந்திருக்கிறது என்று பொருள்.

ஒரே நாளில் நான்கு சகோதரர்களுக்கு ஞானஸ்நானம் என்று பார்த்தால் நான்கும் ஒரே பிரசவம் என்று நினைக்க வேண்டாம். சோம்பல், வறுமை, அல்லது புதுக் குருவானவர் வீடு வீடாகப் போய்க் கண்டித்திருப்பார்.

1783ஐ ஒட்டி இப்படி நடந்திருந்தால் காரணம் வரி. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஒவ்வொன்றின் பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி விழுந்தது. அமெரிக்கப் போரில் கஜானா காலி, ஆகவே பிறந்ததற்கும் வரி, செத்ததற்கும் வரி. பரம ஏழைகளுக்கு விலக்கு இருந்தது, அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் 'பி' என்று ஓர் எழுத்து போடுவார்கள் (பாப்பர், அதாவது பரம ஏழை). இரக்கமுள்ள குருவானவர் சிலர் தாராளமாகவே 'பி' போட்டார்கள். எனவே அந்த எழுத்தை வைத்து உங்கள் முன்னோர் பிச்சை எடுத்தார் என்று முடிவுகட்டாதீர்கள். 1794இல் வரி ஒழிந்தது. 1783க்குப் பிறகு பிறந்த பிள்ளை அந்தந்த ஆண்டில் இல்லையென்றால் 1794, 1795 பக்கங்களைப் புரட்டுங்கள். காத்திருந்து கூட்டிக்கொண்டு வந்தவர்கள் அங்கே இருப்பார்கள்.

மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள், சிலரை மட்டும் காணவில்லை

ஆஸ்டின் பிள்ளைகள் எட்டுப் பேர். ஹாம்ப்‌ஷயர் கவுண்டியில் அவர்கள் வாழ்ந்த ஸ்டீவன்டன் ஊரின் பதிவேட்டை மட்டும் பார்த்தால் மூத்த மூவர் இருக்கமாட்டார்கள். அப்பா ஜார்ஜ் ஸ்டீவன்டனின் குருவானவர்தான். ஆனால் அந்த வீடு பழுதாகிக் கிடந்ததால் முதலில் பக்கத்து ஊரான டீனில் குடியிருந்தார், 1768இல்தான் ஸ்டீவன்டனுக்கு வந்தார். ஜேம்ஸ், ஜார்ஜ், எட்வர்ட் மூவரும் டீனில் பிறந்தவர்கள். ஊர்க் குருவானவர் வீட்டுக் கதையே இப்படி என்றால் கூலியாள் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம். அவர்கள் ஆண்டுக்கு ஒரு பண்ணை மாறுவார்கள்.

பழைய சேகர எல்லை போட்ட வரைபடம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சேகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாச் சேகரங்களையும் முதலில் பாருங்கள், பிறகு அவற்றைத் தொடுபவற்றை. கவுண்டி எல்லையைக் கடக்கத் தயங்காதீர்கள். காணாமல் போனவர் எல்லைக்கு அந்தப்புறம் இரண்டு மைலில் இருப்பார், ஆனால் அவருடைய பதிவேடு வேறு கவுண்டியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். வடக்கே சேகரங்கள் மிகப் பெரியவை. ஹாலிஃபாக்ஸ் சேகரம் ஒரு தாலுகா மாதிரி. உள்ளுக்குள் துணைக்கோயில்கள் பல, ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு. யார்க்‌ஷயர்க்காரர்களுக்கு வேறொரு வகையில் அதிர்ஷ்டம் உண்டு. வில்லியம் டேட் என்ற குருவானவர் தொடங்கிவைத்து, 1777 முதல் யார்க் பேராயரின் ஆதரவோடு பரவிய முறைப்படி எழுதிய பதிவேடு கிடைத்தால், குழந்தையின் தாத்தா பாட்டி பெயர்கூட அதில் இருக்கும். ஒரே வரியில் மூன்று தலைமுறை! வேலை அதிகம் என்று பல குருவானவர்கள் முணுமுணுத்துக் கைவிட்டதால் எல்லாச் சேகரத்திலும் இது இல்லை.

சுற்றியுள்ள ஊர்களிலும் இல்லையென்றால் குடும்பம் இந்தச் சேகரப் பதிவேடுகளை வைத்திருந்த ஆங்கிலிக்கன் சபையை, அதாவது இங்கிலாந்தின் அரசு சபையைவிட்டு பாப்டிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், இண்டிபென்டன்ட் சபைகளில் சேர்ந்திருக்கலாம். 1837இல் இந்தச் சபைகளிடமிருந்து அரசு திரட்டிய பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 4 என்ற வரிசையில் இருக்கின்றன. குவேக்கர்களுடையது ஆர்.ஜி. 6.

கல்யாணமே நடந்ததாகத் தெரியவில்லை

நம் வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கல்யாணம் பெண் வீட்டில். ஜார்ஜ் ஆஸ்டின் கென்ட்டில் பிறந்தவர், வேலை ஹாம்ப்‌ஷயரில். அவருடைய திருமணமோ 1764 ஏப்ரல் 26 அன்று சாமர்செட் கவுண்டியில், பாத் நகரத்து வால்காட் புனித சுவிதின் தேவாலயத்தில். காரணம் மணமகள் கஸாண்ட்ரா லீ. அவருடைய அப்பா ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயரில் ஹார்ப்ஸ்டனின் குருவானவர். வயதான பிறகு பாத்துக்குக் குடிபோயிருந்தார். ஒரு கல்யாணத்துக்கு நான்கு கவுண்டிகள்!

மணமகள் யார் என்றே தெரியாதபோது? பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் அம்மாவின் முதற்பெயர் மட்டும் இருக்கும். மூத்த பிள்ளைக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் கணவன் பெயர், மனைவியின் முதற்பெயர் இரண்டையும் போட்டுக் கவுண்டி முழுவதும் தேடுங்கள். கிடைக்கிற மணமகளின் பெயர் பிறந்த வீட்டுப் பெயர்தானா என்பதையும் பாருங்கள். ஜார்ஜின் அம்மா ரெபெக்கா பிறப்பால் ஹாம்ப்சன், ஆனால் வில்லியம் ஆஸ்டினை மணந்தபோது அவர் வால்டர் என்பவரின் விதவை. வால்டர் வீட்டில் அவருடைய ஞானஸ்நானத்தைத் தேடினால் நாள் முழுக்க வீண். மணமகள் பெயருக்குப் பக்கத்தில் 'விதவை' என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நொடி போதும். எழுத்தர் அதை எழுத மறந்ததும் உண்டு.

திருமணம் 1754 மார்ச் 25க்கு முன்பா பின்பா என்பது பெரிய கேள்வி. ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டம் அன்று அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு ரகசியக் கல்யாணம் சட்டப்படி செல்லும். லண்டனில் ஃப்ளீட் என்ற கடன்காரர் சிறையைச் சுற்றியிருந்த வீடுகளிலும் சாராயக் கடைகளிலும் குருமார் சிலர் இதையே தொழிலாக வைத்திருந்தார்கள். அந்தப் பதிவேடுகள் கியூவில் ஆர்.ஜி. 7 வரிசையில் உண்டு. காசு கொடுத்தால் தேதியை முன்னுக்குத் தள்ளி எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள், பார்த்து நம்புங்கள்.

1754க்குப் பிறகு மூன்று வாரம் தேவாலயத்தில் ஓலை (இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு) வாசிக்க வேண்டும், அல்லது பேராயர் அலுவலகத்தில் உரிமம் வாங்க வேண்டும். குவேக்கர், யூதர் தவிர கத்தோலிக்கர் உட்பட எல்லோரும் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் மணந்தாக வேண்டும். அதனால் பாப்டிஸ்ட் குடும்பமாக இருந்தாலும் திருமணத்தை ஆங்கிலிக்கன் பதிவேட்டில் தேடுங்கள். மணமக்கள் இருவேறு சேகரம் என்றால் இரண்டிலும் ஓலை வாசித்திருப்பார்கள். ஓலைப் பதிவேட்டில் மற்றவரின் ஊர் இருக்கும், அங்கே போய்த் தேடலாம். உரிமத்துக்குக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரமும் நல்ல தடயம். ஆனால் ஓலை வாசித்ததோ உரிமம் வாங்கியதோ கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி ஆகாது.

ஸ்டீவன்டன் பதிவேட்டிலேயே இதற்கு ஒரு வேடிக்கையான பாடம் இருக்கிறது. புதுச் சட்டத்துக்காக அச்சடித்த புத்தகத்தின் முன்னால் "இப்படி நிரப்பவும்" என்று மாதிரிப் பக்கம் ஒன்று உண்டு. சிறுமியாக இருந்த ஜேன் அதில் தன் பெயரை மணமகளாகப் போட்டு, ஹோவர்ட் ஃபிட்ஸ்வில்லியம், மார்ட்டிமர் என்று பெரிய இடத்து மாப்பிள்ளைகளையும் கடைசியில் ஒரு ஜாக் ஸ்மித்தையும் எழுதி வைத்திருக்கிறார். அப்பாவின் அலுவலகப் புத்தகத்தில்! வாழ்நாள் முழுவதும் திருமணமே செய்துகொள்ளாதவர் அவர். படத்தைப் பார்க்கும்போது அது புத்தகத்தின் எந்தப் பக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரே பெயரில் மூன்று பேர்

ஜான், வில்லியம், தாமஸ், மேரி, எலிசபெத், ஆன். இந்த ஆறு பெயரை வைத்து ஊரையே ஓட்டியிருக்கிறார்கள். மூன்று ஜான்கள் கிடைத்தால் நமக்குப் பிடித்த ஜானைத் தேர்ந்தெடுத்துவிடுவோம். அப்படித் தேர்ந்தெடுத்த தவறான தாத்தாக்கள்தான் இணையத்துக் குடும்ப மரங்களில் நிறைய. ஒருவர் தப்பாகப் போட்டதை நாற்பது பேர் நகலெடுத்தால் அது நாற்பது சாட்சி ஆகிவிடாது.

எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி, மற்ற இருவரையும் ஒழித்துக்கட்டுவது. அந்தச் சேகரத்தில் அந்தக் குடும்பப் பெயரில் ஐம்பது ஆண்டுகளுக்கு உள்ள எல்லாப் பதிவுகளையும் ஒரு தாளில் எழுதிக் குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள். அடக்கப் பதிவேட்டை விட்டுவிடாதீர்கள், சலிப்பூட்டும் புத்தகம் என்று பலரும் அதைத் தாண்டிவிடுகிறார்கள். மூன்று ஜான்களில் ஒருவன் ஆறு மாதத்தில் இறந்திருப்பான். அடுத்த பிள்ளைக்கு அதே பெயர் வைத்திருந்தால் முந்தையவன் இறந்துவிட்டான் என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். 1813க்கு முன் அடக்கப் பதிவில் வயது இருப்பது அரிது. "இன்னாரின் மகன்", "விதவை" என்ற ஒட்டுச் சொற்களை வைத்துத்தான் சிறுவனா கிழவனா என்று பிரிக்க வேண்டும். 'இளையவர்', 'மூத்தவர்' என்ற ஒட்டை அப்பா பிள்ளை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், உறவே இல்லாவிட்டாலும் அப்படித்தான் எழுதினார்கள்.

தொழில் எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேப்டன் ஜேம்ஸ் குக் 1728 நவம்பர் 3 அன்று யார்க்‌ஷயர் மார்ட்டனில் ஞானஸ்நானம் பெற்றார். அப்பா பெயரும் ஜேம்ஸ் குக். பதிவு அப்பாவைத் தினக்கூலி என்கிறது. அந்த ஒரு சொல் இருந்தால் இன்னொரு ஜேம்ஸ் குக் கொல்லனோ தச்சனோ என்று விலக்கிவிடலாம்.

1754க்குப் பிந்தைய திருமணம் என்றால் கையெழுத்தை ஒப்பிடலாம். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போடுவார். ஓவியர் வில்லியம் பிளேக்கின் மனைவி கேத்தரின் 1782இல் பாட்டர்சீயில் போட்டது அந்தக் குறிதான், பிற்பாடு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஆகவே ஒரு பக்கத்தில் குறி, பத்து ஆண்டு கழித்து இன்னொரு பக்கத்தில் கையெழுத்து என்றால் வேறு ஆள் என்று உடனே தள்ளிவிட வேண்டாம். சாட்சிகளில் உறவினரைத் தேடுங்கள். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெயர் சாட்சியாக வந்தால் அவர் உங்கள் சித்தப்பா இல்லை, நம்மூர் கோயில்பிள்ளை மாதிரி அங்கேயே இருந்த எழுத்தர்.

நடுவில் பத்து ஆண்டுகள் காலி

எலி, ஈரம், தீ, அல்லது வாரக்கணக்கில் துண்டுக் காகிதத்தில் குறித்துவைத்துப் பிறகு எடுத்தெழுத மறந்த எழுத்தர். முதலில் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து பாருங்கள். காகிதம் மிச்சம் பிடிக்க அடக்கங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதும் வழக்கம் இருந்தது. அங்கும் இல்லையென்றால் பேராயருக்கு அனுப்பிய நகலைக் கேளுங்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஒவ்வொரு சேகரமும் ஆண்டுதோறும் ஒரு நகலைப் பேராயருக்கு அனுப்ப வேண்டும் என்று விதி. அது பெரும்பாலும் கவுண்டி ஆவணக் காப்பகத்திலோ பேராயத்தின் காப்பகத்திலோ தனியாக இருக்கும். மூலம் இருந்தாலும் நகலைப் பாருங்கள்; ஒன்றில் விட்டுப்போனதை மற்றதில் எழுதியிருப்பார்கள்.

அப்பா பெயர் இல்லை

திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை. பதிவேடு அதை இரக்கமில்லாத சொல்லால் குறிக்கும். தகப்பனைத் தேட வேண்டிய இடம் சேகரத்தின் ஏழை நிவாரணக் காகிதங்கள். குழந்தையைச் சோறு போட்டு வளர்க்கும் செலவு சேகரத்தின் தலையில் விழுமே என்று, தாயை விசாரித்துத் தகப்பனைப் பிடித்துப் பத்திரம் எழுதி வாங்குவதில் அவர்கள் மிகவும் கறாராக இருந்தார்கள். குழந்தைக்கு நடுப்பெயராக இன்னொரு குடும்பத்தின் பெயர் வைத்திருந்தால் அதுவும் ஒரு துப்பு.

ஆள் ஊரைவிட்டே மறைந்துவிட்டார்

ஏழை என்றால் மறுபடியும் அதே நிவாரணக் காகிதங்கள். 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவருக்கு உதவி தர வேண்டியது அவர் உரிமை பெற்ற சேகரம். வேற்றூரில் நொடித்துப் போனால் விசாரித்து, சொந்தச் சேகரத்துக்கே வண்டி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்த விசாரணைத் தாளில் எங்கே பிறந்தார், யாரிடம் தொழில் பழகினார், எந்தப் பண்ணையில் ஓராண்டு வேலை பார்த்தார் என்று வாழ்க்கைக் கதையே இருக்கும். கொஞ்சம் சொத்துள்ளவர் என்றால் உயில். 1858 வரை உயில்களைச் சரிபார்த்தவை சபை நீதிமன்றங்கள். அவற்றில் மேலான கேன்டர்பரி நீதிமன்றத்தின் பதிவுகள் கியூவில் ப்ராப் 11 என்ற வரிசை.

இரண்டிலும் இல்லை, வயதோ இருபது சொச்சம் என்றால் கடலைப் பாருங்கள். ஜார்ஜ் ஆஸ்டினுக்கு பிலடெல்ஃபியா என்று ஓர் அக்கா. 1730இல் பிறந்தவர், கென்ட்டில் டன்பிரிட்ஜ். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர். கென்ட்டில் எந்தச் சேகரத்திலும் அவருடைய திருமணம் கிடையாது, அடக்கமும் கிடையாது. 1752இல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியோடு மதராஸுக்குக் கப்பல் ஏறிவிட்டார். 1753 பிப்ரவரி 22 அன்று நம் கடலூரில், புனித டேவிட் கோட்டையின் அறுவை மருத்துவர் டைசோ சால் ஹான்காக்கை மணந்தார். அதற்கு நான்கு நாள் முன்பு மதராஸ் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தில் இன்னொரு கல்யாணம்: ஷ்ரோப்‌ஷயர்க்காரர் ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலைனுக்கும்.

கம்பெனி தன் தேவாலயங்களின் பதிவு நகல்களை லண்டனுக்கு வரவழைத்துக்கொண்டது. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா அலுவலக ஆவணங்களில் 'என்' வரிசையில் இருக்கின்றன. என்/1 வங்காளம், என்/2 மதராஸ், என்/3 பம்பாய். மதராஸ் தொகுதி 1698இல் தொடங்குகிறது. தேடும்போது ஊர்ப் பெயர்களை அந்தக் காலத்து ஆங்கிலேயர் எழுதிய மாதிரியே கொடுங்கள். மாகாணம் மாறிப் போனவர்களுக்கு வரிசையையும் மாற்ற வேண்டும். ஹான்காக் தம்பதி வங்காளம் போனார்கள், மகள் எலைசா 1761 டிசம்பரில் கல்கத்தாவில் பிறந்தார். ஆக, அம்மாவுக்கு என்/2, மகளுக்கு என்/1. திரும்பி வந்தவர்களும் பிறந்த ஊருக்கே போனார்கள் என்று நினைக்காதீர்கள். பிலடெல்ஃபியாவின் அடக்கம் 1792இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் சேகரத்துப் பதிவேட்டில் இருக்கிறது, டன்பிரிட்ஜில் அல்ல.